பொருத்துதலும் பொதுமையும்: வலையமைப்பு அடைவுகளைக் கட்டளை வரியால் இணைத்தல் பற்றிச் சில குறிப்புகள்

தோற்றுவாய்

கருவிகள் பற்றிய விளக்கங்கள் இருவகைப்படும். எவ்விசையை அழுத்தவேண்டும் என்று கூறுவதோடு நின்றுவிடுவது ஒருவகை. அவ்விசை அவ்விடத்தில் ஏன் அமைந்தது, யாருடைய தேவை கருதி அமைந்தது, அதனை அமைத்தவர்கள் எத்தகைய உறவுகளுக்குள் நின்று உழைத்தனர் என்பவற்றையும் சேர்த்து நோக்குவது மற்றொரு வகை. முன்னையது கைநூல்களின் பணி. பின்னையது இல்லாதவிடத்து, கருவியானது தன்னைக் கையாள்வோருக்கு ஒரு மாயப் பொருளாகவே தோற்றமளிக்கும். பண்டத்தின் இத்தகைய மாயத் தோற்றத்தை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் தொகுதியில் விளக்கினார். மனித உழைப்பின் விளைபொருள் மனிதரினின்றும் பிரிந்து நின்று, தானே இயங்குவதொன்றாய் அவர்களுக்குத் தோன்றும் நிலை கணினியைப் பொறுத்தவரையிலும் உண்மையாகும்.

வலையமைப்பிலுள்ள வேறொரு கணினியின் அடைவொன்றை எமது கணினியின் அடைவுபோலக் கட்டளை வரியின் மூலம் இணைத்துக்கொள்ளும் முறையினை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலத்தில் 'மவுண்ட்' எனப்படும் இச்செயலை இங்கு 'பொருத்துதல்' என வழங்குகிறேன். கட்டளைகள் தமிழ் ஒலிப்பில் தரப்படுகின்றன. விசைப்பலகையில் அவற்றின் ஆங்கிலச் சிற்றெழுத்துகளே இடப்படல் வேண்டும்.

இலக்கிய மாணவன் ஒருவன் இவ்விடயத்திற் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் மாணவர் சிலரும், ஈய எழுத்துக் காலத்துத் தமிழ் அச்சகங்களிற் பணியாற்றி ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்களைச் செவ்விகண்டு வந்தோம். சஞ்சிகைகளின் ஆசிரியர்களைப் பற்றி எழுதும் நாம், அவற்றை எழுத்தெழுத்தாகக் கோத்த கைகளைப் பற்றி எதுவுமே எழுதியதில்லை என்ற உறுத்தல் அம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று. ஒலிப்பதிவுகளும் எழுத்துப்பெயர்ப்புகளும் ஒரு சேவையகத்திலிருந்த பகிர்வு அடைவில் வைக்கப்பட்டன. ஒருநாட் காலை அவ்வடைவைத் திறந்தபோது, இறுதி மூன்று வாரங்களில் நாம் சேர்த்தவை எவையும் அங்கில்லை. ஒலிப்பதிவுக் கருவியின் நினைவட்டை ஏற்கெனவே அழிக்கப்பட்டிருந்தது. செவ்வியளித்தவர்களுள் ஒருவர் அதற்கிடையிற் காலமாகியிருந்தார். ஒற்றைப் பிரதியின் கதி பற்றி எமது வாசகருக்கு எடுத்துரைக்கவேண்டிய அவசியமில்லை. அக்கோப்புகளுக்கு நேர்ந்தது என்ன என்பதனை விளக்குவதற்கு முன்னர், பொருத்துதல் என்றால் என்ன என்பதனைத் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

சொல்லின் வரலாறு

'மவுண்ட்' என்னும் சொல் முதலில் உடலுழைப்பைக் குறித்த சொல்லாகும். பெருங்கணினிகளின் காலத்தில் தரவுகள் காந்த நாடாச் சுருள்களிலும், கழற்றி மாற்றக்கூடிய வட்டுப் பொதிகளிலும் இருந்தன. நிகழ்ச்சியொன்றுக்குக் குறித்த நாடா தேவைப்படும்போது, இயக்குநர் ஒருவர் அதனை அடுக்கிலிருந்து எடுத்துச் சென்று இயந்திரத்தில் ஏற்றிப் பொருத்துவார். பணி முடிந்ததும் கழற்றுவார். கட்டளையாக எஞ்சி நிற்கும் இச்சொல்லினுள்ளே ஒரு தொழிலாளியின் நடையும் கையும் புதைந்துகிடக்கின்றன.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் யுனிக்ஸ் பணிசெயல் முறைமை உருவாகத் தொடங்கியது. அதனை ஆக்கியோருள் முதன்மையானவர்களான கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1974 ஆம் ஆண்டு யூலை மாதம் வெளியிட்ட கட்டுரையிற் பொருத்துதலுக்குத் தெளிவானதொரு விளக்கம் தந்தனர். யுனிக்ஸில் எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகளும் இலைகளுமாக அமைந்துள்ளன. அம்மரத்தின் தொடக்கம் 'வேர்' எனப்படும். ஒற்றைச் சாய்கோடு அதன் குறியீடு. புதிய வட்டொன்றைப் பொருத்தும்போது, மரத்தின் இலையொன்று இருந்த இடத்தில் முழுமையானதொரு கிளைமரம் வந்து அமர்கிறது. அதன்பின் எக்கோப்பு எவ்வட்டில் உள்ளது என்பதைப் பயனர் அறியவேண்டியதில்லை. பாதை ஒன்றே போதும்.

இதனை விண்டோஸ் மரபுடன் ஒப்புநோக்குதல் பயனுடையது. அங்கே ஒவ்வொரு வட்டும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொண்ட தனி மரமாக நிற்கும். வலையமைப்பு அடைவொன்றை 'நெற் யூஸ்' என்னும் கட்டளையால் இணைக்கும்போதும், அதற்கு இசட் முதலான எழுத்தொன்றை வழங்குவதே வழக்கம். முன்னைய முறையில் அயற்பொருள் மரத்தின் கிளையாகிறது. பின்னைய முறையில் அது மற்றொரு தனி மரமாகிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் உள்ள இவ்வேறுபாடு வெறும் தோற்ற வேறுபாடன்று. முன்னைய முறையில், உள்ளூர்க் கோப்புக்கென எழுதப்பட்ட நிகழ்ச்சி, எழுத்து மாற்றமெதுவுமின்றி, தொலைவிலுள்ள கோப்பின் மீதும் பணியாற்றும். இவ்வசதியே பின்னர் எமக்கு இடரையும் விளைவித்தது.

வட்டிலிருந்து வலைக்கு

பொருத்தப்படுவது கையால் ஏற்றப்பட்ட வட்டாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை 1980களில் நீங்கியது. கலிபோர்னியாவின் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984 இல் உருவாக்கிய 'என்.எஃப்.எஸ்.' என்னும் வலையமைப்புக் கோப்பு முறைமை, தொலைவிலுள்ள யுனிக்ஸ் கணினியின் அடைவொன்றை உள்ளூர் மரத்திற் பொருத்த வழிசெய்தது. அதன் இரண்டாம் பதிப்பின் நெறிமுறை 1989 மார்ச் மாதத்தில் ஆர்.எஃப்.சி. 1094 என்ற இலக்கத்துடன் பகிரங்க ஆவணமாக வெளியிடப்பட்டது. இதனை வெறும் பெருந்தன்மையாகக் கொள்ளுதல் தவறாகும். வலையமைப்புடன் இயங்கும் பணிநிலையக் கணினிகளை விற்ற நிறுவனமொன்றுக்கு, அவை ஏனைய கணினிகளுடனும் உரையாடுவது இலாபகரமானதாக இருந்தது. மூலதனம் தன் நலன் கருதியே சிலவிடத்துப் பொதுமைக்கு வழிவிடும். தன் நலன் கருதியே பிறிதோரிடத்து அதனை அடைக்கும். இவ்விரட்டைத் தன்மையை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

மற்றொரு நெறிமுறை ஐ.பி.எம். நிறுவனத்திற் பிறந்தது. 1980களின் முற்பகுதியில் பாரி ஃபைகன்பாம் என்பவர் வடிவமைத்த 'எஸ்.எம்.பி.' என்னும் அந்நெறிமுறையை மைக்ரோசொஃப்ட் தனதாக்கி விரித்தது. 1996 இல் அதற்குச் 'சிஃப்ஸ்' என்ற பெயரையும் இட்டது. இன்று அலுவலகங்களிற் பகிரப்படும் விண்டோஸ் அடைவுகள் பேசுவது இம்மொழியின் பிற்காலப் பதிப்புகளையே. லினக்ஸ் கணினியின் பொருத்தற் கட்டளை அதனை இன்றும் பழைய பெயராலேயே அழைக்கிறது.

இவ்விரு நெறிமுறைகளும் 'நீர் யார்?' என்னும் வினாவை வெவ்வேறு விதமாக எழுப்புகின்றன. எஸ்.எம்.பி. பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். என்.எஃப்.எஸ்., அதன் மரபுவழி அமைப்பில், அவ்வாறு கேட்பதில்லை. பயனரின் எண் இன்னதெனக் கேட்கும் கணினி கூற, சேவையகம் அதனை நம்பும். ஆயிரமாம் எண்ணுடையவர் தமது கணினியில் ஒருவராகவும் சேவையகத்தில் முற்றிலும் வேறொருவராகவும் இருந்தால், ஒருவரின் கோப்பு மற்றொருவருக்கு உரியதாய்த் தோன்றும். ஒரே நிறுவனத்தினுள் அனைவரும் அறிந்தவர் என்ற எடுகோளின்மீது எழுந்த முறை இது. ஆயினும் ஒரு காப்பு உண்டு. தம் கணினியில் எல்லா அதிகாரமும் உடைய 'ரூட்' பயனர் என்.எஃப்.எஸ். பகிர்வினுள் நுழையும்போது, லினக்ஸ் சேவையகம் வழமையாக அவரை 'நோபொடி', அதாவது 'யாருமல்லர்', என்னும் பயனராக மாற்றிவிடும். தன் வீட்டில் அரசனாயினோன் அயல்வீட்டில் யாருமல்லன் என்னும் இவ்விதி, அதிகாரம் என்பது ஆளின் இயல்பன்று, இடத்தின் உறவு என்பதை நன்கு உணர்த்துகிறது.

கட்டளை வாக்கியத்தின் இலக்கணம்

கட்டளை வரியை அஞ்சுவோர் பலர். உண்மையில் அது மிக எளிய இலக்கணமுடைய ஒரு வாக்கியமேயாகும். 'களஞ்சியம்' என்னும் சேவையகம் 'இதழ்கள்' என்னும் அடைவைப் பகிர்ந்துள்ளது எனக் கொள்வோம். லினக்ஸ் கணினியில் அதனைப் பொருத்தும் வாக்கியம் பின்வருமாறு அமையும்:

சுடோ மவுண்ட் -ரி சிஃப்ஸ் //களஞ்சியம்/இதழ்கள் /எம்.என்.ரி/இதழ்கள் -ஓ கிரெடென்ஷல்ஸ்=/ரூட்/சாவி,யூ.ஐ.டி.=1000,வேர்ஸ்=3.0

தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்கும்; இங்கு அது முன்னே நிற்கிறது. 'மவுண்ட்' என்பது ஏவல் வினை. இவ்வேவலை ஏற்பது எமது கணினியே. அது தோன்றா எழுவாய். பொருத்தப்படும் பொருளும் பொருத்துமிடமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'இதனை அதன்கண் பொருத்து' என நாம் இரண்டாம் வேற்றுமையாலும் ஏழாம் வேற்றுமையாலும் உணர்த்துவதை, உருபுகளற்ற இம்மொழி சொற்கள் நிற்கும் வரிசையாலேயே உணர்த்துகிறது. எனவே இரண்டையும் இடம்மாற்றி எழுதினால் வாக்கியம் பிழைபடும்.

'-ரி சிஃப்ஸ்' என்பது எந்நெறிமுறையிற் பேசவேண்டும் என்பதைக் கூறுகிறது. பொருளின் பெயர் இரட்டைச் சாய்கோட்டுடன் தொடங்குகிறது. முதற் சொல் சேவையகத்தையும் அடுத்தது பகிர்வையும் குறிக்கும். விண்டோஸில் இச்சாய்கோடுகள் எதிர்த்திசையிற் சாய்ந்திருக்கும். லினக்ஸின் கட்டளை ஓட்டில் எதிர்ச்சாய்கோட்டுக்கு வேறு பணி உண்டாதலால், நேர்ச்சாய்கோட்டை இடுவதே நன்று. என்.எஃப்.எஸ். ஆயின் நெறிமுறையின் பெயர் மாறும். பொருளும் 'களஞ்சியம்:/தரவு/இதழ்கள்' எனச் சேவையகத்தின் பெயர், முக்காற்புள்ளி, முழுப்பாதை என்ற வரிசையில் எழுதப்படும். பொருத்துமிடம் முன்னரே இருக்கும் ஓர் அடைவாக இருத்தல் வேண்டும், இல்லையேல் 'எம்.கே.டிர்.' என்னும் கட்டளையால் அதனை ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.

'-ஓ' என்பதன் பின் வருவன வினையடைகள். அவை காற்புள்ளியாற் பிரிக்கப்படும். இடையே இடைவெளி விடலாகாது. இவற்றுள் முதலாவது கடவுச்சொல் பற்றியது. அதனைக் கட்டளையிலேயே எழுதினால், கட்டளை வரலாற்றில் அது பதிவாகிவிடும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பில் இரு வரிகளாக எழுதி, உரியவர் மட்டுமே படிக்கத்தக்கதாக அதற்கு 600 என்னும் உரிமை எண்ணை வழங்கி, அக்கோப்பின் பாதையை மட்டும் சுட்டுதலே முறை. இரண்டாவது, பொருத்தப்பட்ட கோப்புகள் எமது கணினியில் எப்பயனருக்கு உரியனவாகத் தோன்றவேண்டும் என்பதைக் கூறுகிறது. இது விடுபட்டால் அவை பெரும்பாலும் ரூட் பயனருக்கு உரியனவாகத் தோன்றும். படிக்க முடிந்தாலும் எழுத முடியாது. படித்தல் மட்டுமே போதுமாயின், 'ஆர்.ஓ.' என்ற அடையை இடுதல் மூலக் கோப்புகளைத் தவறுதலான மாற்றங்களினின்றும் காக்கும்.

மூன்றாவது, நெறிமுறையின் பதிப்பு. இதன் முக்கியத்துவத்தை வரலாறே உணர்த்தியது. எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பிலிருந்த ஓட்டையொன்றைப் பயன்படுத்த, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் ஒரு கருவியை உருவாக்கித் தன்னிடம் மறைத்து வைத்திருந்தது. 2017 ஏப்ரலில் அது வெளியே கசிந்தது. அடுத்த மாதமே 'வொனாகிறை' என்னும் கப்பம் கேட்கும் நச்சுநிரல் அதனைக் கொண்டு உலகெங்கும் பரவிற்று. பிரித்தானியப் பொது மருத்துவமனைகள் பலவற்றின் பணிகள் குலைந்தன. மைக்ரோசொஃப்ட் மார்ச் மாதத்திலேயே திருத்தத்தை வெளியிட்டிருந்தும், அதனை இடாத கணினிகள் ஏராளமாயிருந்தன. ஓர் அரசு இரகசியமாய் வைத்திருந்த அறிவுக்கு விலை கொடுத்தோர் நோயாளிகளே. அதே ஆண்டு லினக்ஸின் 4.13 ஆம் பதிப்பு, முதற் பதிப்பை வழமைத் தெரிவினின்றும் நீக்கியது. பழைய சேவையகமொன்று முதற் பதிப்பை மட்டுமே பேசுமாயின், 112 என்ற இலக்கத்துடன் 'சேவையகம் இயங்கவில்லை' என்னும் பொருள்பட வழுச்செய்தி வருவதுண்டு. சேவையகம் இயங்கிக்கொண்டே இருக்கும், மொழிதான் ஒவ்வாது. 13 என்ற இலக்கம் அனுமதி மறுப்பையும், 2 என்பது அப்பெயரில் எதுவும் இல்லை என்பதையும் குறிக்கும்.

'சுடோ' என்பது எஞ்சி நிற்கிறது. பொருத்துதலுக்கு உயர் அதிகாரம் ஏன் வேண்டும்? மரம் அனைவருக்கும் பொதுவானது. அதன் ஒரு கிளையை மாற்றுபவர் அனைவரது பார்வையையும் மாற்றுகிறார். கடவுச்சொற்கள் உள்ள அடைவின்மேல் தமது வட்டைப் பொருத்த எவருக்கும் இடமளித்தால், முறைமை முழுவதும் அவர் வசமாகும். பெல் ஆய்வுகூடத்தினர் பின்னாளில் உருவாக்கிய 'பிளான் 9' முறைமை இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்தது. அங்கு ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்கேயுரிய பெயர்மரத்தைக் கொண்டிருக்கலாம். எனவே ஒருவர் பொருத்துவது பிறரைப் பாதிக்காது.

மொழி யாருக்குச் சொந்தம்?

மேற்காட்டிய வாக்கியத்தை லினக்ஸ் கணினியில் எழுத முடிவதே ஒரு போராட்டத்தின் விளைவாகும். எஸ்.எம்.பி.யின் நுணுக்கங்கள் நெடுங்காலம் நிறுவனத்தின் தனியுடைமையாக இருந்தன. 1991 டிசெம்பரில், கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த அன்ட்ரூ டிரிட்ஜெல் என்பவருக்கு, யுனிக்ஸ் கணினியின் வட்டிடத்தைத் தமது டொஸ் கணினியிலிருந்து பயன்படுத்தவேண்டிய தேவை எழுந்தது. சேவையகமும் கணினியும் தம்முள் பரிமாறிக்கொண்ட தரவுப் பொட்டலங்களை அவர் வலையில் நின்றே நோக்கினார். எவ்வினாவுக்கு எவ்விடை வருகிறது எனக் குறித்துக்கொண்டு, அவ்வாறே விடையளிக்கும் சேவையகமொன்றை எழுதினார். தாம் கற்றுக்கொண்ட மொழி எஸ்.எம்.பி. என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது. அகராதியோ இலக்கண நூலோ இன்றி, பேசுவோர் நடுவே அமர்ந்து மொழி கற்கும் களப்பணியாளனின் முறை இது. மொழியியல் மாணவருக்கு இது புதிதன்று.

அந்நிரல் பின்னர் உலகெங்கிலுமுள்ள பலரது கூட்டுழைப்பால் வளர்ந்தது. முதலில் இட்ட பெயர்மீது நிறுவனமொன்று வணிகக்குறி உரிமை கோரியதால், 1994 இல் எஸ், எம், பி ஆகிய மூன்றெழுத்துகளும் அவ்வரிசையில் வரும் சொல்லொன்றைக் கணினி அகராதியிலே தேடி, 'சம்பா' என்று பெயரிட்டனர். அது ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. றிச்சட் ஸ்ரோல்மன் 1989 இல் வெளியிட்ட இவ்வுரிமம் பதிப்புரிமையை ஒழிக்கவில்லை, அதனைத் தலைகீழாக்கியது. நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பரப்பலாம். ஆனால் பரப்புவோர் அதே உரிமையைப் பெறுவோருக்கும் அளித்தல் வேண்டும். தனியுடைமைச் சட்டத்தின் கருவியே பொதுமையைக் காக்கும் வேலியாக்கப்பட்டமை இயங்கியல் நோக்கிற் கவனத்துக்குரியது.

நீதிமன்றமும் இதிற் பங்கேற்றது. சண் நிறுவனம் 1998 இல் செய்த முறைப்பாட்டின் வழிவந்த விசாரணையின் முடிவில், 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசொஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்து, சேவையகங்கள் தம்முட் பேசும் நெறிமுறைத் தகவல்களைப் போட்டியாளருக்கு வழங்குமாறும் பணித்தது. 2007 செப்ரெம்பர் 17 ஆம் நாள் ஐரோப்பிய முதனிலை நீதிமன்றம் அத்தீர்மானத்தின் முதன்மையான பகுதிகளை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு டிசெம்பரில் சம்பா குழுவினருக்கு அவ்வாவணங்கள் கிட்டும் வகையில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. அதற்கு ஒருமுறை செலுத்தப்பட்ட கட்டணம் 10,000 யூரோ. சந்தையில் போட்டியைக் காப்பதே அவ்வழக்கின் குறிக்கோள், பொதுவுடைமையன்று. எனினும் அடைபட்டிருந்த வழியொன்று அதனாலும் திறந்தது என்பதை மறுத்தல் இயலாது.

நிலைபேறும் மறைவும்

கட்டளையாற் பொருத்தியது கணினி மீளத் தொடங்கும்போது நீங்கிவிடும். அது நிலைக்கவேண்டுமாயின் 'எஃப்ஸ்ரப்' என்னும் கோப்பில் ஒரு வரி எழுதப்படல் வேண்டும். அவ்வரி ஆறு பகுதிகளை உடையது: பொருள், பொருத்துமிடம், வகை, வினையடைகள், காப்புநகல் பற்றிய எண், வட்டுச் சோதனையின் வரிசை எண். வலையமைப்பு அடைவுகளுக்கு இறுதி இரண்டும் சுழியமே. வினையடைகளுள் '_நெற்டெவ்' என்பது வலையமைப்பு எழுந்தபின்னரே பொருத்துமாறு பணிக்கும். 'நோஃபெயில்' என்பது, சேவையகம் கிட்டாவிடினும் கணினியின் தொடக்கத்தைத் தடுக்காதிருக்குமாறு பணிக்கும். வரியை எழுதியபின் 'மவுண்ட் -ஏ' என்று இட்டுச் சோதித்தல் நலம்.

எமது கோப்புகள் மறைந்தமைக்கான விடை இங்குதான் இருந்தது. மின்வெட்டொன்றின் பின் எமது கணினி சேவையகத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது. 'நோஃபெயில்' என்று எழுதப்பட்டிருந்தமையாற் பொருத்துதல் நிகழாமலே அது தன் பணியைத் தொடங்கிற்று. பொருத்துமிடம் வெறும் உள்ளூர் அடைவாக, வெறுமையாக நின்றது. அதனைக் கண்ட மாணவர், பழைய கோப்புகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனவாக்கும் என எண்ணி, அங்கேயே புதிய அடைவொன்றை ஆக்கி வேலையைத் தொடர்ந்தார். பொருத்துமிடத்தில் எவரும் எழுதலாம் என முன்னொருநாள் உரிமை வழங்கியவன் நானே. மூன்று வாரங்களின் பின் கணினி மீளத் தொடங்கப்பட்டபோது, சேவையகம் இயங்கிக்கொண்டிருந்தது, பொருத்துதல் நிகழ்ந்தது, பழையவை மீண்டும் தோன்றின. புதியவையோ அவற்றின் அடியில் மறைந்தன.

பொருத்துதல் எதனையும் அழிப்பதில்லை, மூடுகிறது. பொருத்துமிடத்தில் முன்னர் இருந்தவை அங்கேயே இருக்கும். பொருத்தப்பட்டது அவற்றை மறைத்து நிற்கும். இதனை அறிந்த தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் 'யூமவுண்ட்' என்னும் கழற்றற் கட்டளையை இட்டார். (இச்சொல்லில் ஆங்கில எதிர்மறை முன்னொட்டின் 'என்' எழுத்து இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.) 'பயன்பாட்டில் உள்ளது' என மறுப்பு வந்தது. 'எல்.எஸ்.ஓ.எஃப்.' என்னும் கட்டளை, மேசையொன்றில் இன்னமும் திறந்திருந்த ஆவணத்தைச் சுட்டிக்காட்டியது. அதனை மூடியபின் அடைவு கழன்றது. அதன் அடியில், இறந்துபோன அச்சுக்கோப்பாளரின் குரல் உட்பட, எல்லாம் இருந்தன.

கழற்ற இயலாத வேளைகளுக்கு வேறொரு வழியுண்டு. 'மவுண்ட் --பைண்ட்' என்பதைக் கொண்டு வேர் அடைவை மற்றொரு வெற்று அடைவிற் பிணைத்தால், அப்பிணைப்பின் வழியே மூடியின் அடியிலுள்ளவற்றைக் காணலாம். வருமுன் காத்தலோ மிக எளிது. பொருத்தப்படாத நிலையில் பொருத்துமிடத்தின் எழுதும் உரிமையை நீக்கிவிடல் வேண்டும். ரூட் பயனரும் எழுதாதிருக்க, 'சற்ரர் +ஐ' என்னும் கட்டளையால் அதனை மாறாநிலைக்கு உட்படுத்தலாம். அதன்பின், பொருத்துதல் தவறினால் எழுத முனைவோருக்கு உடனே மறுப்பு வரும். வேலை தொடங்குமுன் 'ஃபைண்ட்மவுண்ட்' என்னும் கட்டளையால், எங்கே எது பொருத்தப்பட்டுள்ளது எனப் பார்த்துக்கொள்வதும் நன்று.

நிறைவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பொருத்துதல் என்பது பிரதியெடுத்தலன்று. பத்துக் கணினிகளில் ஓர் அடைவு தோன்றினாலும் கோப்பு ஒன்றே. ஒருவர் அழித்தால் பதின்மருக்கும் அழியும். பகிர்வு பாதுகாப்பாகிவிடாது, வேறிடத்திற் காப்புநகல் வைத்தலே பாதுகாப்பு. எமது செவ்விகளுக்கு இன்று மூன்று பிரதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று வேறொரு நகரில் இருக்கிறது.

இரண்டாவது, பொருத்துதல் உடைமையைத் தருவதில்லை. பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. அவ்வுரிமையை வரையறுப்பது சேவையகத்தை நடத்துவோரின் கை. எனவே அடைவொன்றைப் பொதுவானது என அழைப்பதற்கு முன்னர், அதன் விதிகளை எழுதுவோர் யார், அவ்விதிகளை அறிந்தோர் எத்தனை பேர் என வினவுதல் வேண்டும். எமது இழப்பின் தருவாயில், நாளாந்தம் அவ்வடைவைக் கையாண்டோருள் எவருக்கும் அதன் அமைப்புத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்த ஒருவரின் பெயர் எமது ஆய்வறிக்கையின் நன்றியுரையில்கூட இடம்பெற்றிருக்கவில்லை. அச்சுக்கோப்பாளர்களின் உழைப்பை வரலாறு மறைத்தது எனக் குற்றஞ்சாட்டப் புறப்பட்ட நாமே, எமது கோப்புகளைக் காத்தவரின் உழைப்பை அவ்வாறே மறைத்திருந்தோம்.

மூன்றாவது, பொதுமை தானாக நிலைப்பதில்லை. நெறிமுறைகளைச் செவிகொடுத்துக் கற்றோர், நிரலைத் திறந்து வைத்தோர், மின்வெட்டின் பின் கணினிகளை எழுப்புவோர் ஆகியோரின் உழைப்பினால் அது நாடோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஒற்றை வரிக் கட்டளையொன்று அவ்வுழைப்பு முழுவதன்மீதும் நின்றே செயற்படுகிறது. அவ்வரியின் இலக்கணத்தைக் கற்பது, அதனைக் காக்கும் பணியில் ஒரு பங்கை நாமும் ஏற்றுக்கொள்வதன் தொடக்கமாகும்.